பூச்சு காய இன்னும் ஒரு மாதம்

என் காரின் உள்ளே மரம் ஆறு துண்டு. கதவுகளின் மேல் விளிம்பில் நான்கு, டாஷ்போட்டின் முகப்பில் ஒன்று, அதன் இடப்பக்கத்தில் சில்லறைச் சாமான் போடுகிற லாச்சிக்கு மூடியாக ஒன்று. அவற்றைப் பிடித்திருந்த திருகாணிகள் முப்பத்தொன்று. கழற்றும்போது எண்ணினேன், திரும்பப் பூட்டும்போதும் எண்ணினேன். நடுவில் ஒன்று காணாமல் போய் இரண்டு நாள் சரியான நித்திரை இல்லை. பிறகு பார்த்தால் அது என் செருப்பின் அடியில் குத்திக்கொண்டு இருந்தது.

எண்ணுகிற பழக்கம் தொழிலால் வந்தது. முப்பத்தாறு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்தாளராக இருந்தேன். குளிசைகளை ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணி உறையில் போட்டுக் கொடுத்த கை இது. ஓய்வு பெற்ற பிறகு எண்ணக் குளிசை இல்லாததால் மற்றதையெல்லாம் எண்ணத் தொடங்கினேன்: மின்சாரம் நின்ற நிமிடங்கள், முற்றத்தில் விழுந்த மாம்பிஞ்சுகள், ஒரு நாளில் என்னோடு கதைத்த ஆட்கள். மனைவி போய் மூன்று வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. ஆட்களின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒன்றில் நிற்கும். அந்த ஒருவர் முச்சக்கரவண்டியில் பாண் கொண்டு வருபவர். அவரும் "ஒரு றாத்தலோ ஐயா, அரையோ?" என்பதோடு சரி. கனடாவில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பான். சராசரி ஒன்பது நிமிடம்.

ஆகவே வைகாசி மாதத்தில் ஒரு காலை, மூன்று வீடு தள்ளி இருக்கிறவள் படலையைத் திறந்துகொண்டு வந்தபோது, அன்றைய கணக்கு இரண்டாகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் என்னிலும் பதினாறு வயது இளையவள். கணவன் இறந்து இருபது வருடத்துக்கு மேல். ஒரே ஒரு மகளை வளர்த்து ஆளாக்கினவள்.

"அண்ணை, ஒரு உதவி கேட்டு வந்தனான்."

"சொல்லு பிள்ளை."

"இவளுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. இண்டையிலை இருந்து இருபத்துமூண்டாம் நாள். மண்டபம் மருதனார்மடத்திலை. தம்பி ஏசி வாகனம் பிடிக்கிறன் எண்டு நிக்கிறான். இவள் கேக்கிறாளில்லை. மாமாவின்ரை காரிலைதான் போவன், மாமாதான் ஓட்டவேணும் எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறாள்."

"அது ஐம்பதுக்கு மேலை ஓடாது, பிள்ளை."

"பொம்பிளை என்ன ஓடித் தப்பவே போறாள்? ஆறுதலாப் போகட்டும்."

சிரித்தோம். நான் சிரித்துக் கனகாலம் என்பதைத் தாடை வலித்தபோது உணர்ந்தேன்.

மகள் அந்தக் காரைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. சின்ன வயதில் அவளுக்குத் தொய்வு. மூச்சு இழுக்கத் தொடங்கினால் தாய் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் ஓடிவருவாள். அச்சுவேலியிலிருந்து யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குப் பதினான்கு தடவை கொண்டுபோயிருக்கிறேன். தாயின் மடியில் முன் இருக்கையில் இருந்து, இரண்டு கையாலும் லாச்சி மூடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்காகப் போராடியபடி வருவாள். அந்த மூடியைத் திறந்து மூடினால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். மூச்சுத் திரும்பியதும் அதைத்தான் செய்வாள். டொக், டொக் என்று வீடுவரை.

தாய் சொல்லிவிட்டுப் போன பின் காரின் உள்ளே போய் இருந்து பார்த்தேன். வெளியே நான் குறை வைத்ததில்லை. உள்ளேதான் பார்க்காமல் விட்டிருக்கிறேன். மரத்தின் மேல் இருந்த லாக்கர், வெயிலில் அப்பளம்போல் பொங்கி, விளிம்புகளில் செதில் செதிலாக நின்றது. பட்டுச் சேலை பட்டால் இழை இழுக்கும். ஒரு கதவில் மட்டும் பதினேழு இடத்தில் செதில். லாச்சி மூடியின் நடுவில், பழைய ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவில் ஒரு கறுப்பு வட்டம். வெள்ளிக்கிழமைகளில் மனைவி அதில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். சாமி விளக்கைத் தூண்டின விரலாலேயே வைப்பாள். எண்ணெயும் சேர்ந்து இறங்கி, மரம் அந்த இடத்தில் கறுத்துவிட்டது.

மகனிடம் சொன்னேன். "மரம் மாதிரியே ஸ்டிக்கர் வருது அப்பா, ஒட்டிவிடுங்கோ" என்றான். அந்த ஞாயிறு ஏழு நிமிடத்தில் முடித்துக்கொண்டோம்.

முதல் மூன்று நாளில் ஆறு துண்டையும் கழற்றி, பழைய லாக்கரைத் தின்னரால் இளக்கி, தட்டைக் கத்தியால் வழித்தேன். கீழே இருந்து வந்த மரத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். தேயிலைச் சாய நிறத்தில், உள்ளே புகை சுழல்வதுபோல் வரிகள். வால்நட் என்று சொல்வார்கள். நம் மண்ணில் வளராத மரம்.

நாலாம் நாள் லாச்சி மூடியின் கறுப்பு வட்டத்தில் கை வைத்தேன். கலியாணக் காரில் கறுப்பு ஆகாது. எண்ணெய் இறங்கின இடத்தில் புதுப் பூச்சும் பிடிக்காது. மண்கடதாசியைக் கட்டையில் சுற்றி, நாற்பது தரம் தேய்ப்பது, துடைத்துப் பார்ப்பது, மறுபடி நாற்பது. வட்டம் மங்கியது, போகவில்லை. ஏழாவது நாற்பதைத் தேய்த்துத் துடைத்தபோது வட்டம் இருந்த இடத்தில் மரமே இல்லை. வெளிறிய, வரியில்லாத, பெட்டி அடிக்கிற பலகைபோல் ஒன்று பல்லைக் காட்டியது.

என்ன நடந்தது என்று எனக்குச் சிறிது நேரம் விளங்கவில்லை. எங்கள் வீட்டுக் கதவு முதிரை. அலுமாரி வேம்பு. மேசை பலா. எவ்வளவு தேய்த்தாலும் கீழே அதே முதிரை, அதே வேம்பு, அதே பலா. மரத்துக்கு மேல் கடதாசிபோல் இன்னொரு மரத்தைச் சீவி ஒட்டுவார்கள் என்பது எழுபத்தெட்டு வயது வரை எனக்குத் தெரியாது. அந்தக் காரை நாற்பத்தொரு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

பக்கத்துத் தெருவில் மரவேலை செய்யும் ஓடாவியாரைக் கூட்டிவந்து காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஐயா, உது பலகை இல்லை. பலகைக்கு உடுத்த சேலை. நீங்கள் சேலையைக் கிழிச்சுப் போட்டியள்."

"ஒட்டுப் போடேலாதோ?"

"உந்த மரத்துக்கு இங்கை எங்கை போறது? வேம்பைச் சீவி ஒட்டினா வேம்பெண்டு தெரியும். முழுக்கக் கறுப்பு அடிச்சு விடுங்கோ. ஆரும் கேக்காயினம்."

"நான் கேப்பன்."

"அது தெரியும். நீங்கள் நாங்கள் செய்த கதவுக்கே இணைப்பு எத்தினை எண்டு எண்ணின ஆள்."

அவர் போன பிறகு அந்த மூடியை மேசையில் வைத்துவிட்டு முன்னால் இருந்தேன். அன்று பகல் சாப்பிடவில்லை. என் மனைவி ஒவ்வொரு வெள்ளியும் விரல் வைத்த இடத்தை இருநூற்றெண்பது தேய்ப்பில் அழித்துவிட்டேன் என்ற நினைப்பு வந்தது. வந்ததும் எழுந்துபோய் மருந்து அலுமாரியைத் துப்புரவாக்கத் தொடங்கினேன். வேறு என்ன செய்வது.

அங்கேதான் வழி கிடைத்தது. ஒரு சிறு போத்தலில் கொண்டிஸ் இருந்தது. கிணறு இறைத்த பிறகு போடுகிற, ஊதா நிறப் பளிங்கு. அதைக் கரைத்துக் கொடுக்கும் காலத்தில் எங்கள் விரல்கள் எல்லாம் மண்ணிறம். முதலில் ஊதாவாகப் படும், சில நிமிடத்தில் மண்ணிறமாக மாறும், பிறகு கழுவினாலும் போகாது. கையில் பிடிக்கிற சாயம் மரத்தில் பிடிக்காதா? நூற்றுக்கு ஒன்று, இரண்டு, நாலு என்று மூன்று கரைசல் செய்து, மூடியின் பின்பக்கத்தில் மூன்று பொட்டு வைத்தேன். நூற்றுக்கு இரண்டு கரைசல்தான் வால்நட்டின் நிறத்துக்கு மிகக் கிட்ட வந்தது. அதை வெளிறின இடத்தில் தடவி, காய்ந்தபின், ஆறேழு மயிர் மட்டும் விட்ட தூரிகையால், நாலின் கரைசலைத் தொட்டு வரிகளை இழுத்தேன். பத்தொன்பது வரி. பக்கத்து வரி எங்கே வந்து நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கி மறுபக்கத்து வரியில் கொண்டுபோய் விடவேண்டும். கை நடுங்காத நேரம் காலையில் இரண்டு மணித்தியாலம்தான். இரண்டு காலை பிடித்தது. ஓடாவியார் மறுபடி வந்து பார்த்து, "எங்கை கிழிஞ்சது?" என்று கேட்டார். அதற்கு மேல் நற்சாட்சி தேவையில்லை.

அடுத்தது வானிஸ். ஏழு பூச்சு, ஒரு நாளுக்கு ஒன்று. வைகாசியில் சோளகக் காற்று தூக்கும். எங்கள் செம்மண் கதவிடுக்கால் வந்து ஈரப் பூச்சில் உட்காரும். மண் இல்லாவிட்டால் பூச்சி. வீட்டில் ஒவ்வோர் அறையாக வைத்துப் பார்த்தேன். கடைசியில் கட்டிலின் நுளம்பு வலைதான் நினைவுக்கு வந்தது. மெத்தையை எடுத்துவிட்டுப் பலகையில் சுத்தமான சேலை ஒன்றை விரித்து, என் பக்கத்தில் மூன்று துண்டு, மனைவியின் பக்கத்தில் மூன்று துண்டு வைத்து, வலையை இறக்கிச் சுற்றவரச் செருகினேன். ஏழு நாள் அவை வலைக்குள் படுத்தன. நான் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் நுளம்புக் கடியோடு கிடந்தேன். காலையில் எழுந்தால் முதுகை நிமிர்த்த நாலு நிமிடம் ஆகும். ஆனால் எழுந்தவுடன் போய்ப் பார்க்க ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். அந்த நாட்களில் நான் மற்றவற்றை எண்ண மறந்திருந்தேன்.

ஐந்தாவது பூச்சு பூசின அன்று பின்னேரம் பெண்ணின் தாய்மாமன் வந்தான். தாய் 'தம்பி' என்று சொன்ன ஆள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அவனும் மனைவியும்தான் தாரை வார்த்துக் கொடுப்பவர்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, மாமரத்தைப் பார்த்தான், கிணற்றைப் பார்த்தான், காயைப் பற்றிக் கேட்டான்.

"அண்ணை, ஒரு சின்னக் கதை."

"சொல்லு."

"கார் தாறது பெரிய உதவி. ஆனா நீங்கள் ஏன் வெய்யிலிலை கரைச்சல் படுவான்? எங்கடை ஆள் ஒருத்தர் இருக்கிறார், பழைய கார் ஓடத் தெரியும். திறப்பைத் தந்தாக் காணும்."

கண் பார்வையைச் சொல்கிறான் என்று நினைத்தேன். போன வருடம்தான் சோதித்துப் புதுக் கண்ணாடி போட்டதைச் சொன்னேன். நாற்பத்தொரு வருடத்தில் விபத்து பூச்சியம் என்றேன். சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுக்க எழுந்தேன்.

"அதில்லை அண்ணை, இருங்கோ. எனக்கு உதுகளிலை நம்பிக்கை இல்லை. என்ரை மனிசிதான்... மாப்பிளை வீட்டாரும் பார்ப்பினம். பொம்பிளை வெளிக்கிடேக்கை முழுவியளம் சரியா இருக்கவேணும் எண்டு. உங்கடை வீட்டு அக்கா உயிரோடை இருந்தா ஒரு கதையும் இல்லை."

நான் எழுந்த நிலையிலேயே நின்றேன். வெளிக்கிடும்போது எதிர்ப்படுகிற முகம் நல்ல முகமாக இருக்கவேண்டும். தாரம் இழந்தவன் முகம் அதற்கு ஆகாது.

என் காரில் ஒன்பது மணப்பெண்களை ஏற்றியிருக்கிறேன். அதை எப்போதும் பெருமையாகச் சொல்வேன். ஒன்பது முறையும் முன் இருக்கையில், பெரிய பொட்டோடு, மடியில் குங்குமச் சிமிழோடு, மனைவி இருந்தாள். என்னையும் காரையும்தான் கேட்டு வருகிறார்கள் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"பூச்சு காயேல்லை" என்றேன்.

"என்ன அண்ணை?"

"மரத்துக்குப் பூச்சு அடிச்சிருக்கிறன். காயேல்லை. காய இன்னும் ஒரு மாசம் செல்லும். ஒட்டும். பிள்ளையின்ரை சேலை பழுதாப் போகும்."

"அப்ப சரி அண்ணை, பறவாயில்லை" என்று உடனே சொன்னான். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நான் கோபத்தில் சொன்ன பொய் அவனுக்கு எவ்வளவு வசதியாகிவிட்டது என்பது அவன் மோட்டார் சைக்கிளை உதைத்த வேகத்திலேயே தெரிந்தது.

ஆறாவது, ஏழாவது பூச்சுகளையும் பூசினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. ஏழு என்று தொடங்கினது. நாலு நாள் காயவிட்டு, ஆறு துண்டையும் முப்பத்தொரு திருகாணியையும் அவற்றின் இடத்தில் பூட்டினேன். கொட்டிலின் அரை இருட்டிலும் மரம் பளிச்சென்று இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்க, தாய் அழைப்பிதழோடு வந்தாள். கண் கலங்கியிருந்ததா, சமையல் புகையா என்று தெரியவில்லை.

"தம்பி சொன்னவன். காயேல்லையாம்."

"ஓம்."

"காட்டுங்கோ பாப்பம், அண்ணை. பிள்ளை அழுது முடிச்சிட்டாள், எனக்கு ஒருக்காப் பாக்கவேணும்."

கொட்டிலுக்குக் கூட்டிப்போய் இடப்பக்கக் கதவைத் திறந்தேன். அவள் குனிந்து, வலக்கைப் பெருவிரலை லாச்சி மூடியின் நடுவில் அழுத்தி வைத்தாள். வைத்த இடத்திலேயே வைத்திருந்தாள். கண்ணாடியைப்போல் காய்ந்து குளிர்ந்து இருந்திருக்கும். எடுத்து, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான் என் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஓம், ஒட்டுது" என்றாள்.

விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். ஒன்றும் இல்லாத விரலை நன்றாகத் துடைத்தாள்.

"தம்பி என்ன சொன்னவன் எண்டு எனக்குத் தெரியும், அண்ணை. எனக்கும் அதைத்தான் சொல்லியிருக்கினம். நானும் அண்டைக்கு முன்னுக்கு நிக்கிறேல்லை. பொம்பிளை வெளிக்கிட்டு இருபது நிமிசத்தாலைதான் நான் வெளிக்கிடவேணுமாம். பெத்தவள்."

"பிள்ளை..."

"சின்னம்மாவும் என்ரை மாமியும் அப்பிடித்தான். மூண்டு பேர் இருக்கிறம் பின்னாலை போற ஆக்கள். வாகனத்தைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கேல்லை." படலைவரை போய்த் திரும்பினாள். "ஒட்டினாலும் எங்களுக்குப் பறவாயில்லை, அண்ணை. எட்டரைக்கு வாங்கோ."

கலியாண நாள் காலை எட்டு இருபத்தைந்துக்கு அவர்கள் வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி, ஒருவர் கண்ணிலும் படாதபடி, வேலி ஓரமாக நின்றேன். எட்டு முப்பத்தாறுக்கு வெள்ளை வாகனம் பூ மாலையோடு போனது. அதன் பின்னால் வான் இரண்டு, மோட்டார் சைக்கிள் ஐந்து. இருபது நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்தேன். பிறகு மூன்று பெண்கள் வெளியே வந்தார்கள்.

"முன்னுக்கு ஆர்?" என்றாள் தாய்.

"நான் மாட்டன்" என்றா சின்னம்மா. "மாமி இருக்கட்டும், கால் நீட்டலாம்."

"எனக்கு முன்னுக்கு இருந்து பழக்கம் விட்டுப்போச்சு" என்றா மாமி.

மூவரும் பின்னால் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். முன் இருக்கை வெறுமையாக இருந்தது. வெயில் லாச்சி மூடியில் விழுந்து என் கண்ணில் அடித்தது.

"தம்பி, இதென்ன மணம்?" மாமி மூக்கைப் பொத்தினா.

"வானிஸ், அம்மா."

"ஒட்டுமோ?"

"ஒட்டும் மாமி, ஒண்டிலும் கை வையாதேங்கோ" என்றாள் தாய், சிரிப்பே இல்லாமல். பாவம் அந்த மனுசி, மண்டபம் வரும் வரை முப்பத்திரண்டு நிமிடமும் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, வளைவுகளில் மற்றவர்கள் மேல் சாய்ந்து சாய்ந்து வந்தா.

மண்டப வாசலில் தாய்மாமன் நின்றான். காரைக் கண்டு அருகில் வந்தான். பெண்கள் இறங்கினார்கள். ஒருவர் சேலையிலும் ஒன்றும் இல்லை. திறந்திருந்த கதவின் மரத்தில் விரல் வைத்துப் பார்த்தான்.

"காய்ஞ்சிட்டுது போலை, அண்ணை."

"ஓம். இண்டைக்குக் காலமைதான்."

"அப்ப என்னை ஏன் கட்டிப்போட்ட மாதிரிக் கொண்டந்தனீங்கள்?" என்று மாமி தாயைப் பிடித்துக்கொண்டா. தாய்மாமன் விரலைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

நான் கடைசி வரிசையில் இருந்து தாலி கட்டக் கண்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு படப்பிடிப்பாளர் பழைய கார் ஒன்று வெளியே நிற்பதைக் கண்டுபிடித்துவிட்டார். தாலி ஏறிய பிறகு அதற்குத் தடை இல்லைப்போலும். மணமக்களை முன் இருக்கைகளில் ஏற்றினார்கள். என் இடத்தில் மாப்பிள்ளை. பெண் குனிந்து லாச்சி மூடியைத் திறந்து மூடினாள். டொக்.

"மாமா, உந்த மணத்துக்கு எனக்குத் தொய்வு வராட்டிச் சரி" என்றாள் என்னைப் பார்த்து.

"கண்ணாடியை இறக்கி விடு" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, உங்கடை நிழல் விழுது" என்றார் படப்பிடிப்பாளர். தள்ளி நின்றேன். "இன்னும் கொஞ்சம்" என்றார்.

ஒன்பது நாள் கழித்துத் தாய் படங்களைத் தொலைபேசிக்கு அனுப்பினாள். கார் உள்ள படம் பதினான்கு. பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு துண்டில் ஒன்றுகூட எதிலும் விழவில்லை. எல்லாவற்றிலும் கதவின் வெளிப்பக்கமும் சக்கரமும் பூவும்தான். ஒன்றில் மட்டும் பக்கக் கண்ணாடியின் மூலையில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. என் வேட்டியாக இருக்கலாம்.

அன்று கொட்டிலை ஒதுக்கும்போது வானிஸ் தகரம் கையில் பட்டது. சின்ன எழுத்துகளைக் கண்ணாடி போட்டு வாசித்தேன். தொட்டால் ஒட்டாத அளவுக்கு ஒரு நாள், முழுதாக இறுக முப்பது நாள் என்று போட்டிருந்தார்கள். அதுவரை எண்ணெயோ ஈரமோ படக்கூடாதாம். அன்று வெள்ளிக்கிழமை. சந்தனக் கட்டையை எடுத்தவன் திருப்பி வைத்தேன். ஏழாவது பூச்சிலிருந்து அன்றோடு பதினெட்டு நாள். இன்னும் பன்னிரண்டு.